பதினான்காவது மாதிரி

போர்வை எடுக்கப் போன அக்காவின் காலில் முதலில் ஒரே ஒரு செருப்புதான் விழுந்தது. அலமாரிக் கதவை முழுக்கத் திறந்ததும் மற்றவையும் சரிந்து விழுந்தன. பதிமூன்று ஜோடி. எல்லாம் ஆண்கள் செருப்பு, எல்லாம் எட்டாம் நம்பர்.

"என்னடா இது?"

"ஆபீஸ் சாமான்க்கா. கேசுக்கு சாட்சி."

அக்கா ஒன்றை எடுத்துத் தம்பியின் பாதத்தோடு வைத்துப் பார்த்தாள். "சாட்சியெல்லாம் உன் கால் அளவுக்கே கிடைச்சிருக்கே."

அவர் குனிந்து செருப்புகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

இருபத்திரண்டு நாடுகளில் செருப்பு விற்கும் ஒரு கம்பெனியில் போலி ஒழிப்பு அதிகாரி அவர். கம்பெனியின் கொக்குச் சின்னத்தை எங்கேயாவது யாராவது திருடிக்கொண்டே இருந்தார்கள். கொக்கின் கால் ஒரு நூல் குட்டையாக இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஆபீசில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வயது நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு ரெய்டு குறுக்கே வந்தது. பிறகு ரெய்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவருடைய வேலைக்கு விதி எளிது. சந்தேகப்பட்ட கடையில் சாதாரண ஆளைப்போல மூன்று தடவை வாங்க வேண்டும். மூன்று மாதிரியையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். போலி என்று சீட்டு வந்ததும் போலீசோடு போய்க் கடையை அள்ளிக்கொண்டு வர வேண்டும்.

பஜாரின் கடைசியில் இருந்த அந்தச் செருப்புக் கடைக்கும் அப்படித்தான் போனார். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய முதல் ஜோடி, பார்த்தவுடனே தெரிந்த போலி. பழக்கத்தின்படி அதைப் போட்டு நடந்து பார்த்ததில் குதிகாலில் கொப்புளம் வந்தது. அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது மாதிரிக்காக நொண்டிக்கொண்டே போனபோது, கடைக்காரி அவரைத் தன் முக்காலியில் உட்கார வைத்தாள்.

"என் கடை செருப்பா இப்படிக் கடிச்சது?" என்று கேட்டாள். முகம் வாடிப்போயிருந்தது. "இன்னைக்கு ஒண்ணும் வாங்காதீங்க சார். அடுத்த வாரம் வாங்க, நல்லதா எடுத்து வைக்கிறேன்."

எடுத்துத்தான் வைத்தாள், அதே மலிவு விலைக்கு. அதற்கடுத்த வாரமும் வைத்தாள். மூன்று மாதிரி சேர்ந்துவிட்டது. பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவள் செய்தித்தாளின் குறுக்கெழுத்தில் மிச்சமிருக்கும் கட்டங்களை அவருக்காக விட்டுவைக்கத் தொடங்கியிருந்தாள். பிளாஸ்க் மூடியில் அவருக்கும் டீ ஊற்றினாள். புருஷன் இறந்து ஏழு வருஷம் ஆயிற்று என்று, மழையைப் பற்றிச் சொல்வதுபோல ஒருநாள் சொன்னாள். அவர் வீட்டிலும் அதே செய்தித்தாள் வந்தது. வியாழக்கிழமைக் குறுக்கெழுத்தை மட்டும் அவர் பார்க்காமலேயே மடித்து வைத்துவிடுவார்.

மாதிரி எங்கே என்று மேலாளர் கேட்டார். தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டுமே என்று, இது சில்லறைத் திருட்டு இல்லை, பின்னால் பெரிய கும்பல் இருக்கிறது, போலியின் தரம் வாராவாரம் உயர்ந்துகொண்டே போகிறது என்று எழுதிக் கொடுத்தார். தரத்தைப் பற்றி எழுதியதில் பொய் இல்லை. அவ்வளவு நேர்த்தியான போலியை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

அறிக்கையைப் படித்த தலைமையகம் நடுங்கியது. வாருக்குள் ஓடும் ரகசிய நூலின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். விஷயம் ஐந்தே பேருக்குத் தெரியும். மாற்றிய மூன்றாம் வாரம் அவள் எடுத்து வைத்திருந்த ஜோடியிலும் பச்சை நூல் ஓடியது. அதையும் அவர் எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தொழிற்சாலை வாசலில் எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். மேலாளர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

பிறகு ஒரு அறிக்கையில், கொக்குச் சின்னம் போட்ட சரக்கு எதுவும் இப்போது கடையின் பார்வைக்கு வருவதே இல்லை, வெறும் சாதாரணச் செருப்புகள்தான் தொங்குகின்றன, நம்பகமான வாடிக்கையாளருக்கு மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்று எழுதினார். நம்பகமான வாடிக்கையாளர் என்று தன்னைப் பற்றியே எழுதியபோது அவருக்குக் காது சிவந்தது.

இந்த நிலையில்தான் அக்கா அலமாரியைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிதானமாகப் போர்வையை உதறி மடித்தாள்.

"நாளைக்குள்ள இந்தச் செருப்பெல்லாம் வீட்டை விட்டுப் போகணும்," என்றாள். "இல்லன்னா இதை வித்தவ வீட்டுக்குள்ள வரணும். ரெண்டுல ஒண்ணு பண்ணு."

இரண்டில் சுலபமானதை அவர் தேர்ந்தெடுத்தார். புதன்கிழமை காலையில் பதிமூன்று ஜோடியையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, யாரும் வருவதற்கு முன்பே தன் மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று ஆபீசுக்குப் போனார். லிஃப்டுக்குள் மேலாளர் நின்றுகொண்டிருந்தார்.

மேலாளர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தனி ஆளா இவ்வளவு சேர்த்திருக்கீங்களேய்யா. மூணு இருந்தா போதும்னு சொல்ற வேலைக்குப் பதிமூணு."

அங்கேயே நின்று தலைமையகத்துக்குப் போன் போட்டார். பரிசோதனைச் சீட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாளை காலை பத்து மணிக்கு ரெய்டு என்று முடிவாயிற்று. போலீஸ் வரும், போட்டோகிராபர் வருவார், முன்னால் நின்று அடையாளம் காட்டப் பூதக்கண்ணாடி வருவார்.

பத்து மணி வரைக்கும் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாளை இதே நேரத்துக்கு அவள் கடையிலிருந்து முக்காலியை யாரோ தூக்கி லாரியில் போடுவார்கள். தான் யார் என்று அவளுக்குத் தெரியவரும். வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். ஆனால் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

கடையில் அவள் இல்லை. பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்பவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஆளு புதன்கிழமையே வந்துட்டாரு. அது மெயின் ரோட்டுக் கொக்கு ஷோரூமுக்குப் போயிருக்கு சார். புதன் மத்தியானம் ஆனா கடையை என் தலையில கட்டிட்டு அங்க ஓடிடும்."

கும்பல் என்று தான் கை போன போக்கில் எழுதியது கடைசியில் உண்மைதானா? வாராவாரம் ஷோரூமுக்குப் போய்ப் புது டிசைனைப் பார்த்துக்கொண்டு வருகிறாளா? பச்சை நூலைக் கண்டுபிடித்தது அவளேதானா?

மெயின் ரோட்டை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் ஓடத் தொடங்கினார். அவளே கும்பலுக்குத் தலைவியாக இருந்தாலும் நாளை பத்து மணிக்கு முன் அவளை எங்கேயாவது போய்விடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இப்போது அவருக்குத் தெரிந்தது.

கம்பெனியின் சொந்த ஷோரூம் அது. கூட்டமில்லை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் அடையாள அட்டையைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"பஜார் கடைசியில செருப்புக் கடை வச்சிருக்கிறவங்க இங்க வந்தாங்களா?"

"அந்த அக்காவா? இப்பத்தான் போனாங்க சார். மூணு மாசமா புதன்கிழமை தவறாம வர்றாங்க."

"வந்து என்ன பண்ணுவாங்க? போட்டோ எடுப்பாங்களா? டிசைனை வரைஞ்சுக்குவாங்களா? பயப்படாம சொல்லும்மா."

அந்தப் பெண் அவரை விளங்காமல் பார்த்தாள்.

"போட்டோவா? ஆம்பளைங்க செருப்புல எட்டாம் நம்பர் ஒரு ஜோடி முழு விலை குடுத்து வாங்கிட்டுப் போவாங்க சார், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கான்னு ஒருநாள் கேட்டேன், இன்னும் இல்லன்னு சொன்னாங்க."