திருத்தம் முடியும்வரை நான் சாவதற்கில்லை

புள்ளியியல் அலுவலகத்தில் பதிவுகளை இணைக்கும் பிரிவில் பணியாற்றும் அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதும் மடல். நீங்களும் மகளும் பேத்தியும் நலமுடன் இருக்க விழைகிறேன். இங்கு உங்கள் அத்தை நலம். நான் நலமா என்பது, இம்மடலைப் படித்து நீங்கள் செய்யப்போவதைப் பொறுத்தது.

நாளிதழில் உங்கள் அலுவலக அறிவிப்பைக் கண்டேன். எந்த இனத்தார் எந்த அகவையில் இறக்கிறார்கள் என்று ஆராய்கிறீர்களாம். இறப்புச் சான்றிதழில் இனத்துக்கென ஒரு கட்டம் இல்லாமையால், ஒவ்வோர் இறப்புப் பதிவையும் நான்காண்டுக்கு முன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தோடு இணைத்து, இனத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்வீர்களாம். சென்ற முறை இங்கே சாப்பிடும்போது நீங்கள் சொன்னது உடனே நினைவுக்கு வந்தது: "பேரை ஆளுக்கொரு விதமா எழுதுவாங்க மாமா. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, வீட்டு முகவரி, இது மூணும் பொருந்தினா ஒரே ஆள்னு எடுத்துக்குவோம்." எழுந்து போய், அன்று நான் நிரப்பிய படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்நொடி போன அமைதி இன்னும் திரும்பவில்லை.

என் வரியில், எங்களோடு குடியிருந்த என் தம்பியின் பிறந்த நாள் இருக்கிறது. தம்பியின் வரியில் என்னுடையது.

நடந்தது இதுதான். அன்று காலை நான் மறுநாள் மாநாட்டுக்கான உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். கண்ணாடி ஆலையின் உலைக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், முகம் மழித்துக்கொண்டே தம்பி தேதிகளைச் சொன்னான். அவன் தன்னுடையதை முதலில் சொன்னான். நானோ மூத்தவன் முதலில் என்ற முறைப்படி, காதில் விழுந்ததை என் வரியில் எழுதினேன். தன் பிறந்த நாள் ஒருவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் அப்போது நான் உரையின் உச்சகட்டத்தில் இருந்தேன். அடுத்து இனம். என்னை ஒரு கட்டத்துக்குள் அடைக்க எவருக்கும் உரிமையில்லை என்று முழங்கி, 'சொல்ல விருப்பமில்லை' என்பதில் குறியிட்டேன். தம்பி கண்ணாடியிலிருந்து திரும்பவேயில்லை. "எனக்கு நம்ம கட்டத்துலயே டிக் போடுங்கண்ணே. உலை பக்கத்துல நிக்கிறவன்ல முக்கால்வாசி நம்மாளுங்க. என்னைக்காவது ஒருத்தன் எண்ணிப் பார்க்கட்டும்" என்றான்.

சென்ற ஆண்டு, ஐம்பத்து நான்கு வயதில், நெஞ்சடைத்துப் போனான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அவன் இறப்புப் பதிவு வருகிறது. பிறந்த நாள் என் வரியோடு பொருந்துகிறது. ஆகவே உங்கள் ஏட்டில் இறந்தவன் நான். ஐம்பத்து நான்கில் மாண்டவன் எம் இனத்தான் அல்லன், 'சொல்ல விருப்பமில்லை' என்னும் இனத்தான். அதோடு போயிற்றா? நாளை அறுபத்தேழு வயதில் நான் கண்மூடினால், அந்தச் சாவு தம்பியின் வரியில் ஏறும். எம் மக்கள் அறுபத்தேழு வரை வாழ்கிறார்கள் என்று அறிக்கை வரும். இளமையில் சாகிறோம், இளமையில் சாகிறோம் என்று மேடைதோறும் தொண்டை வறளக் கத்தியவன், நானே செத்து அதைப் பொய்யாக்குவதா? ஆகையால் நீங்கள் திருத்தும்வரை சாகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். சாலையைக் கடப்பதில்லை. மழைக்கு வெளியே தலை காட்டுவதில்லை. மாடிப்படியும் ஏறுவதில்லை. உங்கள் அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. "கணக்குப்படி நீங்க செத்தாச்சு. செத்தவருக்கு எதுக்கு ரெண்டாவது காபி?" என்கிறாள். "விளையாடாதே, தம்பி கணக்கிலேயே வராமப் போயிடுவான்டி" என்றேன். அவள் இரண்டாவது காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அறிக்கை அச்சேறுமுன் அந்த இரண்டு தேதிகளையும் மாற்றிவிடுங்கள். அவன் ஒரே ஓர் ஆள்தான். ஆனால் ஒவ்வோர் ஆளாகத்தானே மாப்பிள்ளை எண்ணுகிறீர்கள்?

பேத்தி நீடு வாழ்க. நீங்கள் இணைக்கும் இணைகள் யாவும் பிழையற்றுப் பொருந்துக.

உங்கள் மாமனார்

பி.கு.: உறை ஒட்டுமுன் அத்தை வாங்கிப் படித்தாள். "நீங்க கடுதாசி வரைக்கும் போவீங்கன்னு நினைக்கல. நீங்க நிரப்பின படிவத்தை யாருங்க அனுப்பினா? நீங்க மாநாட்டுக்குப் போனதும் தம்பி எடுத்துப் பார்த்துச் சிரிச்சார். 'அண்ணி, அண்ணன் எனக்குத் தம்பியாயிட்டார்'னார். வேற படிவம் வாங்கி அவரே எல்லாம் சரியா எழுதி அனுப்பிட்டார்" என்றாள். என் வரியில் எந்த இனம் போட்டான் என்று கேட்டேன். "உங்களை எழுதவே இல்லையே. கணக்கெடுப்பு நாள்ல வீட்டில இருக்கிறவங்களை மட்டும்தான் எழுதச் சொல்லியிருந்தது." அன்று நான் தங்கிய மாநாட்டு மண்டபத்துக்கு எந்தப் படிவமும் வரவில்லை. ஆக, இந்த நாட்டில் நான் எந்த ஏட்டிலும் இல்லை. இனி எப்போது செத்தாலும் எவர் கணக்கும் கெடாது. மேலே எழுதியவை அனைத்தையும் விட்டுவிடுங்கள். தம்பி அவன் கேட்ட கட்டத்தில், அவன் கையெழுத்திலேயே இருக்கிறான். அவனை எண்ணியாயிற்றா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.