தாய் சாவு: இல்லை

சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு அந்தத் தியேட்டரில் இருந்தவர்கள்: மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டர் சோலைராஜ், அவருக்குப் பக்கத்தில், மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு நேரே வந்திருந்த குருசாமி, கீழே பெண்கள் பக்கத்துக் கதவில் டிக்கெட் கிழிக்கும் சொர்ணத்தாய், முன்வரிசையில் கையில் பிரம்போடு மீனாட்சியம்மாள் டீச்சர், அவருக்குப் பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளில் எட்டாவது வரிசையில் குருசாமியின் ஒரே மகள் ராதாமணி, வயது ஒன்பது. மேனேஜர் கழுகுமலைக்குப் போயிருந்தார். திரையில் ஒரு கீரிக் குடும்பம் இருந்தது.

அது கீரிதானா என்பது நிச்சயமில்லை. எங்கோ வெளிநாட்டில் வரைந்து, மெட்ராசில் தமிழ் பேச வைத்த பொம்மைப் படம். அந்தப் பிராணி மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்த்து ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியது. வால் தோசைக்கரண்டி மாதிரி தட்டையாக இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு தண்ணீரையும் பார்த்ததில்லை என்பதால், முதல் ரீலில் ஆறு வந்ததுமே பிள்ளைகள் கைதட்டினார்கள். பிராணியைக் கீரி என்று வைத்துக்கொள்வதாக ஊர் முடிவு செய்திருந்தது.

சோலைராஜ் மெஷினைப் பார்த்தபடி பேச்சுவாக்கில் சொன்னார்.

"நாலாவது ரீலு ஓடுது. அஞ்சாவதுல தாய்க்கீரி போயிரும். அதுக்குப் பொறவு கொஞ்சம் இழுவைதான்."

"எங்க போயிரும்?"

"செத்துப்போயிரும் அண்ணாச்சி. நீங்கதான பாத்துட்டு எழுதிக் குடுத்திய."

குருசாமி எழுதிக் கொடுத்தது உண்மை. கோடு போட்ட தாளில், மில் லீவு லெட்டர் எழுதும் அதே கையெழுத்தில் எழுதியிருந்தார். பேய்: இல்லை. எலும்புக்கூடு: இல்லை. கத்திச் சண்டை: இல்லை. தாய் சாவு: இல்லை. பிள்ளைகள் பார்க்கலாம். அந்தத் தாளை நம்பித்தான் டீச்சர் மூன்று வகுப்பையும் வரிசையில் நடத்திக் கூட்டி வந்திருந்தார்.

இந்த வேலை குருசாமிக்கு வந்து சேர்ந்த கதை சின்னது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஆறுமுகத்தாய் மூளைக்காய்ச்சலில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். ஆறு மாதம் கழித்து, பிள்ளைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று ராதாமணியை ஒரு மாயாஜாலப் படத்துக்குக் கூட்டிப் போனார். பறக்கும் கட்டிலும் பேசும் கிளியும் ஒழுங்காக வந்து போயின. நடுவில் மந்திரவாதி ராணியைக் கல்லாக்கிவிட்டான். இளவரசி கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருட்டில் அப்பனும் மகளும் கையைக் கோத்திருந்தார்கள். கை நடுங்கியது. பிள்ளை பயந்துபோனாள் என்று குருசாமி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு எடுத்த முடிவு இது: தான் முதலில் பார்க்காத படத்தை மகள் பார்க்கக் கூடாது. மாயாஜாலம், பொம்மைப் படம், பேசும் யானை, எது வந்தாலும் தனியாகப் போய் மேட்னி பார்த்துவிட்டு வந்து சொல்வார். எப்போதாவது டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொர்ணத்தாய் வாசலிலேயே திருப்பி அனுப்பினால், பார்க்காத படம் வேண்டாம் என்றுவிடுவார். தெருவில் தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் அதைக் கேட்டுத் தங்கள் பிள்ளைகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். அவர் தீர்ப்பு தெரியாமல் அந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் தியேட்டர் பக்கம் போகாது என்ற நிலை வந்தது.

அவருக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. "எலும்புக்கூடு மூணு வருது. அதுல ஒண்ணு நல்ல எலும்புக்கூடு" என்பார். ஒரு தடவை, பாம்புக்குத் தலை ஐந்து என்று சொன்னவர், எந்தத் தலை கடிக்கும் என்று சொல்லாமல் விட்டதால் நாலு வீட்டில் பிள்ளைகள் பாயை நனைத்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார்கள். அதன் பிறகு அதையும் கவனித்துச் சொன்னார். ஆனால் அவர் தியேட்டருக்குள் போய் உட்காருவது ஒரே ஒரு விஷயத்துக்காக. யாருடைய தாயாவது சாகிறாளா. மற்றதெல்லாம் தாளை நிரப்புவதற்கு.

இந்தப் படத்துக்குப் போக வேண்டாம் என்று ராதாமணி புதன்கிழமையே சொல்லியிருந்தாள். "சின்னப் பிள்ளைய படம்ப்பா. போயித் தூக்கத்தக் கெடுத்துக்கிடாண்டாம்" என்றாள். பிள்ளைக்கு இதில் ஏதோ பயம் இருக்கிறது என்று குருசாமிக்குப் பட்டது. அதனாலேயே வியாழக்கிழமை போனார்.

ராத்திரி முழுக்க நூல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவனை மத்தியானம் இருட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? மூன்றாவது ரீலில் கீரி மண் சுமந்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது எல்லாக் கீரிகளும் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன. ஆடுகிற கூட்டத்தில் தாயும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பொம்மைப் படத்தில் எல்லாக் கீரிக்கும் ஒரே முகம்.

"அஞ்சாவத விட்டுரு" என்றார் இப்போது.

சோலைராஜ் இதைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஆள் போக வேண்டுமென்றால் இரண்டு பாட்டை எடுத்துவிடுகிற தொழில் அவருடையது. ஆனாலும் ஒரு மரியாதைக்கு யோசித்தார்.

"பாட்ட எடுத்திருக்கேன், கோர்ட்டு சீன எடுத்திருக்கேன். சாவ எடுக்கச் சொல்லி இப்பந்தான் ஒருத்தர் கேக்கீங்க."

"எம்பிள்ள கீழ இருக்கா சோலராசு."

சோலைராஜ் ஐந்தாவதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஆறாவதை மாட்டினார்.

நாலாவது ரீலின் கடைசியில் தாய்க்கீரி அணையில் மண் பூசிக்கொண்டே சிரித்தது. அடுத்த நொடி, கொட்டுகிற மழையில் மூன்று குட்டிகள் ஒரு பாறைமேல் ஒண்டிக்கொண்டு அம்மா அம்மா என்று கதறின. அணையும் இல்லை, தாயும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

மீனாட்சியம்மாள் டீச்சர் பிரம்போடு மாடிப்படி ஏறி வந்தார்.

"தாயி எங்க போச்சின்னு கேக்குதுக. நான் என்னத்தச் சொல்ல? நாலாங்கிளாஸ் பய ஒருத்தன், அது ஓடிப்போயிட்டு டீச்சருங்கான். அதக் கேட்டு ஒரு வரிசையே அழுது."

குருசாமி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "செத்துட்டுன்னு காட்டினாக்கூடப் பிள்ளைய தாங்கிக்கிடும். விட்டுட்டுப் போயிட்டுன்னா தாங்காது. ரெண்டு நிமிசத்துல தாய வர வைங்க." சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தாயை வர வைப்பது எப்படி? குருசாமி ரீல் பெட்டியைப் பார்த்தார்.

"ரெண்டாவதுல தாய் இருந்துச்சில்லா?"

"இருந்துச்சி. குட்டிக்குப் பாலு குடுக்கும்."

"அதப் போடு."

சோலைராஜ் தலையைச் சொறிந்தார். ஆனால் போட்டார்.

தாய்க்கீரி திரையில் வந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. குருசாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். மூன்று வருஷத்தில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நிம்மதி சரியாக ஒரு நிமிஷம் நீடித்தது.

சற்று முன் பாறைமேல் பல்லும் வாலுமாக நின்ற குட்டிகள், இப்போது கண் திறக்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தன. பார்த்த ரீலையே திரும்பப் போடுகிறார்கள் என்று முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். பின்வரிசையில் இடைசெவல் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இது அடுத்த ஈத்து என்றார்கள். தாய் வேறு குட்டி போட்டுவிட்டது, பழைய குட்டிகள் அங்கேயே மழையில் கிடக்கின்றன என்று வரிசை வரிசையாகச் செய்தி முன்னால் வந்தது. முன்வரிசையும் அதையே நம்பியது.

முதலில் அழாதவர்களும் இப்போது அழுதார்கள். பழைய குட்டிகளைப் போய்ப் பாரு என்று ஒருத்தி திரையைப் பார்த்துக் கத்தினாள். டீச்சர் பிரம்பால் நாற்காலியைத் தட்டும் சத்தம் மாடிவரை கேட்டது. எட்டாவது வரிசை இருட்டில் தெரியவில்லை. குருசாமி மெஷினுக்கு முன்னால் சுவரில் இருந்த ஓட்டை வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருந்தது.

ஆபரேட்டர் அறையில் ஒரு மைக் உண்டு. சைக்கிளைப் பூட்டாமல் வந்தவர்களையும் வீட்டில் பிரசவ வலி கண்டவர்களின் புருஷன்மார்களையும் கூப்பிடுவதற்கு. சோலைராஜ் தடுப்பதற்குள் குருசாமி அதை எடுத்துவிட்டார்.

"பிள்ளைகளா, அழாண்டாம். நான் ராதாமணியோட அப்பா பேசுதேன். தாய் எங்கயும் போகல. குட்டிகள மறக்கவும் இல்ல. சும்மா ஊருக்குப் போயிருக்கு. சாயங்காலம் வந்துரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்குப் பழைய வாக்கியம் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆறுமுகத்தாயைக் கொண்டுவரப் போன காலையில், வாசலில் நின்ற ஆறு வயசுப் பிள்ளையிடம் இதையேதான் சொன்னார். ஊருக்குப் போயிருக்கா, சாயங்காலம் வந்துருவா. சாயங்காலம் வரத்தான் செய்தாள்.

மேற்கொண்டு ஏதோ சொல்ல நினைத்தார். மைக் திறந்தே இருந்தது. முப்பத்தாறு வயசு ஆள் ஒருவர் எச்சில் விழுங்குவதையும் மூக்கை உறிஞ்சுவதையும் பள்ளிக்கூடமே கேட்டது. சோலைராஜ் கையை நீட்டி மைக்கை அணைத்தார். மெஷினையும் நிறுத்தினார்.

கீழே அழுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசியில் யாரோ ஒரு பொடிசு, "எந்த பஸ்ல வரும்?" என்று கேட்டது.

சோலைராஜ் ரீல் பெட்டியைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நான் அஞ்சாவதப் போடுதேன். படத்த எடுத்தவன் ஏதோ யோசிச்சித்தான் எடுத்திருப்பான். நம்ம ரெண்டு பேரும் சேந்து இன்னிக்கி அத ரெம்பப் படுத்திட்டோம்."

"ஒரு நிமிசம் பொறு. பிள்ளைய வெளிய கூட்டிக்கிடுதேன்."

"ரீலு மாட்டுற நேரம் இருக்கு. ஓடுங்க."

குருசாமி இரண்டிரண்டு படியாக இறங்கினார். செருப்பில் ஒன்று நடுப்படியில் கழன்றது. பெண்கள் பக்கத்துக் கதவைத் தள்ளித் திரைச்சீலையை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தார். சொர்ணத்தாய் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அவருக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கும்போது ராதாமணி அவளோடுதான் இருப்பாள். உரிமையாகத்தான் இழுத்தாள்.

"எங்க போறீங்க?"

"பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருதேன். அடுத்த ரீல்ல தாய் சாகப்போகுது."

"சாகட்டும். அவளுக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழம எம்பக்கத்துல ஸ்டூலு போட்டு ஒக்காந்து முழுப்படமும் பாத்தா."

குருசாமிக்கு உடனே விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொர்ணத்தாய் வீட்டில் இருக்க மாட்டாள், தியேட்டரில்தான் இருப்பாள் என்பதை இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"அழுதாளா?"

"கொஞ்சம் அழுதா. மூக்கத் தொடச்சிக்கிட்டா. பொறவு முறுக்கு வாங்கிக் குடுத்தேன், தின்னா."

வெயில் வராந்தாவில் பாதிவரை ஏறியிருந்தது. ஒற்றைச் செருப்போடு நின்றதால் குருசாமிக்கு ஒரு கால் சுட்டது. அதைக்கூட மாற்றி வைக்கவில்லை. உள்ளே மெஷின் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தமும் கேட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

சொர்ணத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாசல் பக்கமாகத் திருப்பி விட்டாள்.

"ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவா? வியாழக்கெழம நான் லீவு போட்டதுதான் தப்பாப் போச்சி. ஒவ்வொரு படத்தையும் மொத ஆளாப் பாத்துட்டு, 'இத எங்கப்பா பாக்கலாம் அத்த, இதுக்கு அவியள உள்ள விட்டுராதிய, அழுவாவ'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போறவளே அவதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய், அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.