பால் சங்கச் சுவரில் முதலிடம்

பால் ஒன்றிய மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, பணிவான வணக்கம்.

மடிநோய்க்கும் தீவனத்துக்கும் உள்ள பக்கங்களில் என் கடிதமும் வந்து இடம் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் பேச வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டுக் கறவைகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பெயர் ஹேதல். குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எருமை ஏப்பத்தில் வரும் மீத்தேன் வானத்தைச் சூடாக்குகிறதாம். எது எவ்வளவு விடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. மூக்கருகே ஒரு குழாய், கழுத்தில் மூச்சைப் பிடிக்கும் குடுவை. எங்கள் ஊரில் இருபத்துமூன்று எருமைகளுக்குக் கட்டினேன். பக்கத்து வீட்டு மேனாபென் கைதட்டிச் சிரித்தார்: "வால் பக்கம் கட்ட வேண்டியத வாய்ப் பக்கம் கட்டியிருக்கா பாருங்கடி! இதுக்கா பதினஞ்சு வருஷம் படிச்சா?"

அளவு வந்ததும் பட்டியலைப் பால் சங்கச் சுவரில் ஒட்டினேன். அங்கே எந்தப் பட்டியலும் அதிகத்தில்தான் தொடங்கும். நானும் பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டேன். முதல் வரி: நவல்பென், எருமை மோங்கி. நவல்பென் என் அம்மா. இருபது வருடமாக இரண்டு வேளையும் கறந்து ஊற்றுகிறவர் அவர். சங்கப் புத்தகத்தில் இருப்பதோ, எருமையின் எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூடத் தெரியாத அப்பாவின் பெயர். சுவரில் தன் பெயரை அம்மா பார்த்தது அன்றுதான். மோங்கியின் கொம்புக்கு எண்ணெய் தடவி, மாலை போட்டு, நெய்யும் வெல்லமுமாகச் சுகடி கிளறித் தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

இதில் முதலாவதாக வரக்கூடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலும் சுகடி இருந்தது. மறுவாரமே மேனாபென் அம்மாவை முந்துவதற்காகப் பிண்ணாக்கை நிறுத்திவிட்டு, ஏப்பத்தைக் கூட்டும் கம்பந்தட்டையாகத் திணிக்க, அதைப் பார்த்து ஒன்பது வீடுகள் திணிக்க, ஊர்ப் பால் சரசரவென்று குறைய, சங்கச் செயலாளர் கர்சன்பாய் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பத்தக் கொறைக்க வந்தியா, பாலக் கொறைக்க வந்தியாம்மா?" என்று சத்தம் போட, நான் அழுதுகொண்டே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"வயிறு நெறஞ்சாத்தான்டி ஏப்பம் வரும். எம் மோங்கி பட்டினி கெடக்கலன்னுதானே எழுதியிருக்க?" என்றார் அம்மா. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "சரி, கொறைக்கணுமா? அதுலயும் நாமதான் மொதல்" என்று கிளம்பி, நான் மூன்று மாதமாக யாரிடமும் கொடுக்கத் தெரியாமல் அடுக்கி வைத்திருந்த, ஏப்பத்தைக் குறைக்கும் தீவனக் கலவையை வீடு வீடாகக் கொண்டுபோனார். மேனாபென் வீட்டுத் தொட்டியிலும் கொட்டினார்.

"யாரக் கேட்டுக் கொட்டுற நவல்?"

"ஒன் எருமையக் கேட்டுத்தான். அதுக்காவது புத்தி இருக்கு, தின்னுது பாரு!"

பால் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. ஏப்பமும் குறைந்திருக்கிறது. என் பட்டத்தால் ஆகாததை அம்மா ஒரே வாரத்தில் செய்துவிட்டார் என்று எழுதும்போது எனக்கு வெட்கமே இல்லை, பெருமைதான்.

உங்கள் தொழுவம் என்றும் நிறைந்திருக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஹேதல்

பின்குறிப்பு: உறை ஒட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டு குடுவைகளின் எண்களை நான் மாற்றி எழுதியிருக்கிறேன். முதலிடம் ஆரம்பத்திலிருந்தே மேனாபென் எருமைக்கு, மோங்கி பதினேழாவது. பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன். "பதினேழோ எழுபதோ, பேரு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுக் கறக்கப் போய்விட்டார். திருத்திய பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். இருபத்துமூன்று வரியிலும் கறக்கிற பெண்களின் பெயர்கள். சங்கப் புத்தகத்தைப் பார்த்து வீட்டுக்காரர்கள் பெயரைப் போட்டுவிடாமல், தயவுசெய்து அப்படியே அச்சிடுங்கள்.