கியூசி சாரிடம் ரிஜெக்ட் கிடையாது

எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமென்று அந்த ஆண்டவனே ஐந்து வயதுப் பிள்ளையாக வந்து நின்றிருந்தாலும், கியூசி சார் அவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, நகத்தைப் பார்த்து, காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, சிலேட்டில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டித்தான் உள்ளே விட்டிருப்பார். ஆண்டவனும் மறுபேச்சுப் பேசாமல் பாயில் போய் உட்கார்ந்திருப்பார்.

கியூசி சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் தினமும் அதைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஊருக்குள் விசாரித்தால், "அப்டி யாரும் இங்க இல்லீங்களே" என்பார்கள். கியூசி சார் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில், உத்தனப்பள்ளி தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற தொடக்கப் பள்ளி எங்களுடையது. நான் அதற்குத் தலைமை ஆசிரியை. தலைமை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் இரண்டே ஆசிரியர் பணியிடம். ஒன்றில் நான் இருந்தேன், இன்னொன்றில் யாரும் இல்லை. அந்த யாரும் இல்லாத இடத்துக்கு, பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்தவர்தான் இவர். ஒன்றும் இரண்டும் எனக்கு, மூன்று நான்கு ஐந்து அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

தென்காசிப் பக்கத்து மனிதர். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, கல்யாணம் ஆகி, வயிற்றுப் பாட்டுக்கு ஓசூர் வந்து ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். செய்து வருகிற போல்ட்டெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புகிற கியூசி வேலை. தற்காலிக ஆசிரியர் இடம் காலி என்று கேள்விப்பட்ட அன்றே கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"நல்லா இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இருவது வருசமா போல்ட்டு பாஸ் பண்ணிருக்கேன் டீச்சர். ஒரு போல்ட்டாவது திரும்பிப் பாத்து குட் மார்னிங் சார்னு சொல்லிருக்கும்ங்கீங்க?" என்றார்.

கம்பெனியை விட்டாரே தவிர, கம்பெனி அவரை விடவில்லை. காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ. சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். அதை வைத்துப் பிள்ளைகள் எழுதுகிற 'ழ'வின் வயிற்றை அளப்பார். "ஏம்ல இது மட்டும் பெருத்திருக்கு? காலைல நல்ல சாப்பாடோ?" என்பார். எழுதின பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், ஆனால் அடுத்த 'ழ' அளவோடு வந்துவிடும்.

சத்துணவு முட்டையையும் அவர் விடவில்லை. வரிசையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சைஸ் ஒண்ணுபோல இல்லியே" என்றார். எங்கள் சமையலக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா சார் நீ? முட்டைய நானா போட்டேன்? கோழி போட்டுச்சு. போயி கோழியக் கேளு!"

அன்றிலிருந்து சமையலறைப் பக்கம் மட்டும் அவர் சோதனைக்குப் போகவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்று மொழியில் சண்டை போடுகிறவர்கள். ஒரு பெண் "ஏழு மூணு இருபத்தொண்ணு" என்றால், அடுத்தவள் கன்னடத்தில் "ஏள் மூர்ல இப்பத்தொந்து" என்பாள், பின்னாலிருந்து ஒரு பயல் தெலுங்கில் "ஏடு மூள்ள இரவை ஒகட்டி" என்பான். நான் முப்பது வருஷமாகத் தொண்டை வற்ற "தமிழ்ல சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தேன். கியூசி சார் மூன்றையும் பாஸ் பண்ணிவிட்டார். "எந்த மிசின்ல ஓடுனா என்ன டீச்சர்? அவுட்புட்டு இருபத்தொண்ணுதான?" என்றார். கணக்கு சரிதான். அடுத்தவர் சொல்வது சரியாக இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

நோட்டில் ஒட்ட இரண்டு வகைச் சீட்டு வைத்திருந்தார். பச்சை என்றால் ஓகே. மஞ்சள் என்றால் ஹோல்டு, அதாவது நிறுத்தி வை, திரும்பச் செய். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"எங்கப்பா கம்பெனில செவப்புச் சீட்டும் கீதாம் சார். நம்மகிட்ட இல்லியா?"

"செவப்புன்னா ரிஜெக்ட்டு, தூக்கிப் போட்டுருவாங்க. நம்மகிட்ட ரிஜெக்ட்டே கிடையாது தாயி. சரியா வார வரைக்கும் ரீ-ஒர்க்குதான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றாலும் மனிதர் அடுத்த பாடத்துக்கு நகர மாட்டார். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடமெல்லாம் ஐந்தாம் பாடத்தில் இருந்தபோது இவர் இரண்டாம் பாடத்திலேயே ரீ-ஒர்க் பண்ணிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கைமாற்றுச் சீட்டு. கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் முடிந்தால், என்ன ஓடியது, என்ன பாக்கி என்று எழுதி அடுத்த ஷிஃப்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அதையே இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம் மணி அடிப்பதற்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் அரைத்தாளில் தன் கையாலேயே எழுத வேண்டும். முடிந்தது: ஏழாம் வாய்ப்பாடு. மிச்சம்: எட்டாம் வாய்ப்பாட்டில் பாதி. கவனிக்க: பென்சில் தொலைந்தது. பெற்றோர் அதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு மறுநாள் அனுப்ப வேண்டும்.

"நம்ம ஊர் அப்பா அம்மாவா? போடவே மாட்டாங்க" என்றேன். பெற்றோர் கூட்டம் என்று நான் கூப்பிட்டால் வருவது நான்கு பேர். அந்த நான்கிலும் ஒருத்தி சமையலக்கா.

ஆனால் அங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் தக்காளி போடுகிற விவசாயிகள், பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். பஸ் ஏறுகிறவர்களுக்குப் பாடப்புத்தகத்தைப் பார்த்தால் பயம். ஷிஃப்ட் கைமாற்றுவது என்றால் தலைகீழ்ப் பாடம். ஒரே வாரத்தில் வாசலில் கூட்டம். தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு அப்பா, கழுத்தில் அடையாள அட்டையோடு மகனை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், எட்டாம் வாய்ப்பாடு எட்டேழுல நின்னுபோச்சு சார். நானும் அவங்கம்மாவும் எவ்ளோ தட்டியும் ஓடல."

"தட்டாதீங்க. விட்டுட்டுப் போங்க, நான் பாக்கேன்."

ஒரு தக்காளித் தோட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "எங்கூட்ல ஷிஃப்ட்டுலாம் இல்லீங்க சார். மாட்டுக்குத் தண்ணி காட்றப்ப கேட்டுக்கினா போதுங்களா?"

"தாராளமா. அது ஜெனரல் ஷிஃப்ட்டு."

முப்பது வருஷமாக நான் கூப்பிட்டு வராத ஜனம், நேற்று வந்தவரைத் தேடி வந்து நின்றது. எனக்குப் பொறாமை. இப்போது சொல்ல என்ன வெட்கம்?

அந்த நேரம் பார்த்துத்தான் அது நடந்தது. ஒரு நாள் பஸ் தாமதம், நான் போய்ச் சேரும்போது பன்னிரண்டு நிமிடம் லேட். போய்ப் பார்த்தால் என் நாற்காலி முதுகில் கியூசி சார் எழுதி ஒட்டின ஒரு மஞ்சள் சீட்டு. என் முதல் வகுப்பில், சேர்ந்த நாளிலிருந்து ஒரு எழுத்தும் வாசிக்காத ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் எழுந்து நின்று, விரல் வைத்து, "ஹோ... ல்... டு" என்று முதன்முதலாக ஒரு வார்த்தையை வாசித்தாள். நியாயமாக அவளைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அவர் மேல் புகார் சொல்லி ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். ஆமாம், நானேதான். கண்டுபிடிக்க முடியாதபடி இடது கையால் எழுதி, ராயக்கோட்டைக்குப் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பூனைபோலத் திரும்பி வந்தேன்.

திங்கள் போய், செவ்வாய் போய், கோபமும் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. தற்காலிக வேலை, ஒரு புகார் நிஜமென்று அலுவலர் எழுதினால் மறுநாளே மனிதர் வீட்டில். நாற்பத்தைந்து வயதுக்காரரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எந்தக் கம்பெனி காத்திருக்கிறது? தபாலைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று போஸ்ட்மேனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அலுவலர் வந்து இறங்கினார். பெற்றோரை வரச் சொன்னார். வேலை நாளாயிற்றே, நால்வர் வருவார்கள் என்று நினைத்தேன், பள்ளிக்கூடமே நிறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்து தூங்காத கண்ணோடு கம்பெனிச் சட்டையில் பலர், காலில் சேறு காயாமல் சிலர்.

"இவர் மேல யாருக்காவது குறை இருக்கா?"

அஞ்செட்டிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முனியம்மா எழுந்தாள். "கொற கீது சார்."

அலுவலர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம்பொண்ணு தெனம் சீட்டப் படிச்சிக் காட்டுது, நான் கைநாட்டு வெக்கிறேன். சனி ஞாயிறு மட்டும் சீட்டே வர்றதில்ல. அதான் கொற."

எல்லோரும் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார், ஆனால் ஃபைலைத் திறந்தார். "வந்த கடுதாசிக்கு நான் பதில் எழுதணுமே" என்று அதை எடுத்து கியூசி சாரிடம் நீட்டினார். அப்போதுதான் நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். இடப்பக்கம் சிவப்பு மையில் மார்ஜின். மேலே வலது மூலையில் தேதி. புகார்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக் கோடு. உலகத்தில் மார்ஜின் போட்டு மொட்டைக் கடுதாசி எழுதினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கியூசி சார் அதைப் போல்ட்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார்.

"எழுதுனது யாருன்னு தெரியல சார். ஆனா மூணாவது பாயின்ட்டு சரிதான். பாடம் பின்னாடிதான் கிடக்கு" என்றார்.

"ஒத்துக்கிறீங்களா? அப்ப நான் ஒரு வரி எழுதினா உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். "சார், அதை எழுதினது நான்தான்."

"நீங்களா? ஹெச்.எம். அம்மாவா?"

"இடது கையால சார்" என்றேன். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். "பாடம் பின்னாடி இருக்கறது நிஜம். ஆனா அவர் கிளாஸ்ல வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் வீட்டுக்குப் போறேன். அவர அனுப்பாதீங்க."

அலுவலர் சுற்றிப் பார்த்தார். முனியம்மாவின் மகளைக் கூப்பிட்டு, கையில் வேறு தாள் இல்லாததாலோ என்னவோ, என் கடுதாசியையே நீட்டினார். நான்காம் வகுப்புப் பெண். 'ஐயா, மேற்படி ஆசிரியர்' என்று தொடங்கி, 'ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' வரைக்கும், ஊர் முழுவதும் கேட்க, ஓர் எழுத்து இடறாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுச் சட்டமாகச் சொன்னாள்.

"எழுத்தெல்லாம் கோணலா கீது சார். இதுக்கு மஞ்சச் சீட்டுதான்."

அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வருஷக் கடைசி வரை இவர் இருக்கட்டும், அடுத்த வருஷம் என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எச்சரிக்கையாக இரண்டு வார்த்தை தனியாகக் கிடைத்தது. அது நியாயம்தான்.

எல்லோரும் போன பிறகு கியூசி சாரிடம் கேட்டேன். "மார்ஜினப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு இல்ல? ஏன் சொல்லல?"

அவர் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணாப்புல உங்க கையெழுத்தப் பாத்துத்தான டீச்சர் நம்ம பிள்ளைக எல்லாம் எழுதப் படிச்சுது. அதப் போயி நான் எப்படிக் காட்டிக் குடுக்க?"

நான் சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த ஏப்ரலில் அலுவலருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இவரை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று ஒரே வரி. முப்பது வருஷ சர்வீஸில் டிரான்ஸ்பர் கேட்டதில்லை, பதவி கேட்டதில்லை. எனக்கென்று நான் கேட்டு வாங்கியது அந்த மனிதர் ஒருவரைத்தான்.