அக்காவுக்குப் பேர் வாங்கப் போனது

கீழ்ப்பிரிவு, ஸ்பிரிங்வெளி,
பதுளை.
11.06.2007

பெருமதிப்பிற்குரிய சன்னாசி மாமா அவர்களுக்கு,

மருமகன் அஜந்தன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், அங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை என்று முதலில் எழுதும்படி அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். எழுதிவிட்டேன். இப்போது அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார், உண்மையை எழுதுகிறேன். இங்கே யாரும் சுகமில்லை.

சிவசக்தி அக்காவுக்குக் கலியாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும், மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். மாமா, நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்துவிட்டு ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிறவன். நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்த மெஷினை இருநூற்றுமுப்பது வோல்ட் ஓடும் நம் வீட்டுச் சுவரில் செருகினால் புகை வரும். மெஷினில் பழுதில்லை. அதையே தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் செருகினாலும் புகைதான் வரும். ஆகையால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள், எப்போதும் ஓடையோரத்துச் செடிகளின் முதல் நிரைதான், யாரிடமும் பேசமாட்டாள், இன்றைக்குக் கேட்டதற்கு நாளைக்குப் பதில் சொல்வாள், ஆனால் கொழுந்து ஒருநாளும் குறைந்ததில்லை, வேலாயுதம் கங்காணியும் அவளை அவள் போக்கில் விட்டிருந்தார். போன மாசியில் கங்காணிக்கு மேலே புதுக் கணக்கப்பிள்ளை வந்தார், வந்ததும் எல்லாருடைய நிரையையும் மாற்றினார். அக்கா காதைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா கடித்துவிட்டாள். அவ்வளவுதான், பேரை வெட்டிவிட்டார்கள். நீங்கள் இந்த லயத்து வரிசை வீடுகளை விட்டுப் போய் வெகுகாலம், மறந்திருப்பீர்கள்: விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள், பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அக்காவுக்கு என்னவென்று டாக்டர் எழுதித் தந்தால் பேரைத் திரும்பப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை.

பழுதைக் கண்டுபிடிப்பதுதானே நம் தொழில், ஒரு கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பூச்சி மாத்திரை கொடுத்தார், அவரிடம் பல்வலிக்கும் அதுதான். டவுனில் ஒரு கிளினிக்கில், இந்த மாதிரியானவர்களைப் பிள்ளைகள் பக்கம்தான் பார்ப்பார்கள் என்று மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் என்னிடம், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன். அவள் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயதுக்கு மேல் பார்ப்பதில்லை, பெரியவர்களுக்குக் கீழே என்றார்கள். கீழே, பெரியவர்களுக்கு இந்த வியாதி வருவதில்லை என்றார்கள். வராத வியாதிக்கு மாத்திரை மட்டும் எழுதினார்கள். அதைக் குடித்து அக்கா சோற்றுத் தட்டில் தலைவைத்துத் தூங்கினாள், சிறுநீர் போனது தெரியாமல் கிடந்தாள். எவ்வளவு அமைதியான பிள்ளையாகிவிட்டாள் என்று லயமே பாராட்டியது. மாத்திரையை நான் கக்கூஸில் கொட்டினேன். அதற்குக் கோபித்துக்கொண்டு அம்மா அவளைக் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். அவர் உடுக்கையடித்து, மோகினி பிடித்திருக்கிறது என்று பிரம்பை எடுத்தார். அக்காவுக்கு உடுக்கைச் சத்தம் ஆகாது. பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டாள். மோகினிக்கு இவ்வளவு பலம் இருக்காதே என்று கோடாங்கிக்கே சந்தேகம் வந்து தட்சிணையைப் பாதி திருப்பிக் கொடுத்தார். முதுகில் விழுந்த வரிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்கு வழி தெரியவில்லை.

கடைசியில் பண்டாரவளைக்கு மாதமொரு தடவை கொழும்பிலிருந்து ஜெனீரா என்று ஒரு மிஸ் வருகிறார், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர்தான் முதன்முதலாக அக்காவை உட்காரவைத்து, தொடாமல், அவசரப்படுத்தாமல் கேட்டார். இது ஆட்டிசம், பிறவியிலேயே உள்ளது, பைத்தியமில்லை என்றார். தன்னோடு வேலை செய்யும் டாக்டரிடம் காட்டி ஒரு கடிதமும் வாங்கித் தந்தார். பெரியவர்களுக்கு இந்தப் பக்கம் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டு, "ஒண்டுமில்ல தம்பி. பிள்ளையளுக்கே நான் ஒராள்தான்" என்றார்.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டார்.

"பேரு குடுத்துட்டாங்களாடா?"

வியாதியின் பேரைக் கேட்கிறார் என்று நினைத்து, கொடுத்துவிட்டார்கள் என்றேன். அம்மா கேட்டது பெரட்டுப் பேரை. டாக்டரம்மாவே பேர் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று லயம் முழுக்கச் சொல்லி, மறுநாள் விடியுமுன் அக்காவைக் கூடையோடு அனுப்பிவிட்டார். நான் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன், எனக்கு ஒன்றும் தெரியாது. பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் திரும்பி வர வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை. நேரே ஓடையோர நிரைக்குப் போய் அந்தக் கிழமை முழுக்கக் கொழுந்து எடுத்திருக்கிறாள். தெரிந்ததும் கங்காணியிடம் சண்டைக்குப் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பேரில்லாதவ எடுத்த கொழுந்த யாரு பேருல போடுறது தம்பி? கீழ கொட்டவா முடியும்? அதான் நம்ம வீட்டுக்காரி பேருல போட்டுட்டேன்."

கடிதத்தைத் துரையிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை வாசித்தார். இதுவரை ஏதோ கொஞ்சம் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தாராம், அதற்கு வேலை கொடுக்கலாமாம், தோட்டத்தில் யாருக்குத்தான் கொஞ்சம் இல்லை. இப்போது பேருள்ள வியாதியாகிவிட்டது, மலையில் விழுந்து வைத்தால் கம்பனி பதில் சொல்ல வேண்டும், இனிப் பேர் போட முடியாது என்றார். ஆக வியாதிக்குப் பேர் இல்லாதபோது அக்காவுக்குப் பேர் கிடைக்க வழியிருந்தது. நான் அலைந்து திரிந்து ஒரு பேரை வாங்கி வந்து மற்றதை முடித்துவைத்தேன். இப்போது அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து நாள்முழுக்கத் தன் விரலைக் கடிக்கிறாள்.

ஆகவே மாமா, கொழும்பில் பெரியவர்களுக்கும் ஏதோ ஓர் இடம் இருப்பதாக ஜெனீரா மிஸ் கேள்விப்பட்டிருக்கிறாராம், நிச்சயமில்லையாம். நீங்கள் விசாரித்து, அக்காவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு சின்னது, அத்தைக்குத் தலைவலி, தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

அத்தைக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு அன்பும் சொல்லவும். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதும் புத்தியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
மருமகன் அஜந்தன்

பி.கு.: கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த நாள்தான் சொன்னாள்: "கொழும்புல கொழுந்து இல்ல. எனக்கு நெரை வேணும். பேரு யாருக்கு வேணுமோ அவங்க வச்சுக்கட்டும்." இத்தனை பேரிடம் கேட்டேன், இவளிடம் கேட்கவில்லை. யூனியன் தலைவரிடம் அந்தக் கிழமைக் கொழுந்தைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கங்காணியிடம் விசாரித்தேன். அவர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது பெரட்டில் கருப்பம்மா என்று அம்மாவின் பேரைக் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பதிலாக அக்கா போகிறாள். கடித்த இடம் நினைவிருப்பதால் கணக்கப்பிள்ளை ஓடையோரம் வருவதில்லை. "என் பேரு மலையில கொழுந்து எடுக்குது, நான் இங்க சோறாக்குறேன்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், நான் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றுகிறேன். எனவே மாப்பிள்ளை வேண்டாம் என்றதைத் தவிர மேலே எழுதிய எல்லாவற்றையும் ரத்துச் செய்துகொள்ளவும். திருப்பி எழுத நேரமில்லை. ஆனால் அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் பென்சன் வயது. அன்றைக்கு இந்தப் பேரையும் வெட்டுவார்கள். அதற்குள் பெரியவர்களுக்கென்று எங்கேயாவது ஒரு கதவு திறந்தால் ஃபேக்டரி டெலிபோனுக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கள். மலை இருக்கிற பக்கமாகப் பாருங்கள் மாமா.