மவுண்ட் ஆல்பர்ட்டில் ஓர் இஸ்பஹான் பாலம்

ஆக்லாந்தில் மழை போதவில்லை என்று குறைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வீட்டு ஓனராகத்தான் இருப்பார். ஊரே குடையும் கையுமாக அலையும்போது இவர் வாசலில் நின்று, இதெல்லாம் ஒரு மழையா என்று சலித்துக்கொள்வார்.

ஈரானில் இஸ்பஹான்காரர். மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் பழைய மரவீடு. முன்பாதியில் அவர், பின்பாதியில் வாடகைக்கு நானும் யாழ்ப்பாணத்துச் சிவாவும். அவருக்குப் 'பாலத்தார்' என்று பெயர் வைத்தது சிவாதான். இஸ்பஹான் ஆற்றின் குறுக்கே பல நூறு வருடமாக நிற்கிறதே முப்பத்துமூன்று வளைவுப் பாலம், அதை முழங்கால் உயரத்தில் எங்கள் பின்தோட்டத்தில் கட்டிவிட்டார். கல்லும் செங்கல்லும் வீட்டின் பழைய புகைபோக்கியை இடித்து எடுத்தவை. துணி காயப்போட அதைத் தாண்டவும் கூடாது. ஆற்றை யாராவது தாண்டுவார்களா என்பார். ஈர ஜீன்ஸோடு வேலி வரை சுற்றிப் போவோம்.

எல்லாம் அவர் அக்காவுக்காக. சின்ன வயதில் இருவரும் அந்தப் பாலத்தடியில் உட்கார்ந்து பாடியவர்கள். இப்போது அந்த ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. அதைப் பார்க்க மனமில்லாமல் அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறதாம். பார்வை இருக்கும்போதே பாலத்தடியில் தண்ணீர் ஓடுவதை ஒருமுறை காட்டிவிட வேண்டும். தம்பியின் கவலை அதுதான்.

குழாயைத் திறந்துவிடலாமே என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆறு தானாக வர வேண்டுமாம். எங்கள் தோட்டமோ எரிமலை மண்; எவ்வளவு பெய்தாலும் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். போதாக்குறைக்கு நாங்கள் ஆசையாகக் கட்டிய பார்பிக்யூ அடுப்பின் செங்கல்மேலும் அவருக்கு ஒரு கண்.

"கை வைக்கட்டும் பாப்பம்," என்பான் சிவா.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. மேட்டுவீட்டுத் தண்ணீரெல்லாம் எங்கள் பக்கம் திரும்பி, வளைவுகளுக்குள் புகுந்து கலங்கலாக ஓடியது. பாலத்தார் பைஜாமாவோடு ஓடிவந்து சேற்றில் குப்புறப் படுத்து, அக்காவுக்கு வீடியோ கால் போட்டார். நான் போனுக்குக் குடை பிடித்தேன். அவர் மெல்லப் பாட ஆரம்பித்தார். பிறகு போனில் அக்காவின் குரலும் சேர்ந்துகொண்டது.

திடீரென்று அக்கா பாட்டை நிறுத்தி ஏதோ அதட்டினார். இவர் அவசரமாக எழுந்து வளைவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

மழை இரைச்சலில் சிவாவுக்குக் காது கேட்கவில்லை. "என்னவாம்?" என்றான்.

"ஒரு வளைவு குறையுதாம்டா. அக்கா எண்ணிட்டாங்க. கண்ணு அவ்வளவு நல்லாத் தெரியுதாம்."

சிவா நேரே போய், கொட்டும் மழையில் பார்பிக்யூ அடுப்பைப் பிரிக்க ஆரம்பித்தான்.

இப்போது நான் ஆக்லாந்திலேயே வேறு பக்கம், கிளென்ஃபீல்டில் இருக்கிறேன். மழை வந்தால் எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் நின்று, இன்னும் கொஞ்சம் பெய்யட்டுமே என்று நினைத்துக்கொள்கிறேன்.