குட்டியானை அண்ணன் வில்லனாக நடித்த கதை

குட்டியானை அண்ணன் தூங்கி நீங்கள் பார்த்ததில்லை என்றால், தூக்கத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் நான் சொல்வேன். நீங்களும் நானும் தூங்குவதெல்லாம் தூக்கமா? சும்மா கண்ணை மூடிப் படுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் திண்டுக்கல் பக்கம் குட்டியானை என்று பெயர். அதை ஓட்டியதால் அவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளின் சுற்றளவைப் பார்த்தவர்கள் வேறு பெயர் தேட மாட்டார்கள். செம்பட்டித் தேங்காய், சாணார்பட்டித் தக்காளி, கல்யாண வீட்டு அண்டா, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, எதைக் கொடுத்தாலும் ஏற்றுவார். ஆனால் வண்டி நின்றால் தூங்கிவிடுவார். ரயில்வே கேட் திறந்தபிறகு பின்னால் நிற்கிறவர்கள் இறங்கி வந்து எழுப்ப வேண்டும். சலூனில் ஒரு கன்னம் மழித்து முடிப்பதற்குள் உறங்கிப்போய், மறுகன்னத்துக்கு அவர் விழிக்கிறவரை கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் காத்திருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் இவரும் ஆரம்பிப்பார். ஃபாதர் கொஞ்ச நாள் குரலை உயர்த்திப் பார்த்தார், முடியவில்லை, பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அந்த விஷயத்தில் பங்கு மக்கள் எல்லாரும் அண்ணனுக்குக் கடமைப்பட்டிருந்தார்கள்.

எங்கள் காம்பவுண்டில் வரிசையாக வீடுகள். அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவருடைய மறுபக்கச் சுவர் ரிட்டயர்டு கண்டக்டர் சாருக்குச் சொந்தம். எதிர்வீடு, விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போகிற பாக்கியம் அக்கா.

அந்தச் சத்தத்தைக் குறட்டை என்று சொல்வது அநியாயம். முதலில் சிமெண்டுத் தரையில் அண்டாவை இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. பிறகு ஒரு சீறல். அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. அதுதான் கொடுமை. காம்பவுண்டு மொத்தமும் விழித்துக்கொண்டு அடுத்த இழுப்புக்காகக் காத்துக் கிடக்கும். வராது. மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்து உட்காரும்போது அண்டா நகரும். ரொம்ப நேரம் நகராவிட்டால் கண்டக்டர் சார் சுவரில் டங் டங் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். காலமெல்லாம் பஸ்ஸைத் தட்டிக் கிளப்பிவிட்ட கை. அண்ணன் புரண்டு படுத்து மறுபடி கிளம்பிவிடுவார்.

இதில் பெரிய வேடிக்கை, தான் குறட்டை விடுவதையே அண்ணன் ஒப்புக்கொண்டதில்லை.

“நான் சத்தம் போட்டா மொதல்ல எனக்குல்ல கேக்கணும்? காது எனக்குத்தானே பக்கத்துல இருக்கு?” என்பார்.

அவர் மனைவி லூர்து அக்காதான் பாவம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். பிரியாணி குறைந்தது, சத்தம் குறையவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தார், இஞ்சிச் சாறு கொடுத்தார், பாக்கியம் அக்காவின் யோசனைப்படி துணி காயப்போடுகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கூடப் பார்த்தார். அது தெறித்துப்போய்ப் பீரோவுக்கு அடியில் விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் தூக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு நாள் ரசப்பொடி என்று நினைத்துக் காப்பித்தூளைப் போட்டு ரசம் வைத்துவிட்டார். அண்ணன் அதை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, “இன்னைக்கு ரசம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே” என்று கேட்டது தப்பாகப் போய்விட்டது.

அக்கா அன்றைக்கே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

“அந்தச் சத்தம் என்னைக்கு நிக்கிதோ அன்னைக்குச் சொல்லி விடுங்க. வாரேன்.”

“இல்லாத சத்தத்த எப்படி நிப்பாட்டுறது லூர்து?”

“அப்ப இருங்க, நல்லா இருங்க.”

அதன் பிறகு அண்ணன் போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. மகள்தான் பேசுவாள். அண்ணன் தானே பொங்கிச் சாப்பிட்டார். நாங்கள் மாற்றி மாற்றிக் குழம்பு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, “சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேக்கக்கூட வீட்ல ஆளில்ல தங்கச்சி” என்பார். அவ்வளவு பெரிய உருவம் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு டிவி கோஷ்டி வந்தது. வாரம் ஒரு கதை என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓடுகிற தொடர். ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு பழைய மில்லில் படம் பிடித்தார்கள். லைட் சாமான்களை ஏற்றி இறக்க அண்ணன் வண்டியைப் பேசியிருந்தார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். வண்டி நின்றிருந்தது, வேப்பமர நிழல் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

உள்ளே காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர், கட்டடத்துக்குள் ஏதோ மிருகம் இருக்கிறது என்று எழுந்து ஓடி வந்துவிட்டாராம். அண்ணன் கண் விழித்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். முகத்துக்கு நேரே ஒரு நீளக் குச்சியில் மைக் தொங்குகிறது. எங்கேயோ மோதிவிட்டோம் என்று பயந்துபோய், “யாருக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த டைரக்டர் இளைஞர் கும்பிடாத குறையாக, “அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவீங்களா?” என்றாராம்.

தூங்காதே தூங்காதே என்று ஊரே சொன்ன ஆளிடம், முதல் தடவையாக ஒருவர் தூங்கச் சொல்லிக் கேட்கிறார். ஆனால் அத்தனை பேர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அண்ணனுக்கே வரவில்லை. இன்னொரு பொட்டலம் பிரியாணி வந்தது. டைரக்டரே உட்கார்ந்து அட்டையால் விசிறினார். அதற்குப் பிறகு நல்லபடியாக முடிந்ததாம்.

என்னத்தைப் பதிவு செய்தார்கள் என்று அண்ணன் கேட்டுக்கொள்ளவில்லை. “படத்துல வில்லனே நீங்கதாண்ணே” என்று அவர்கள் சொன்னது போதும். சேவுகம்பட்டி வரைக்கும் சொல்லிவிட்டார். மகளுக்குப் போன் போட்டு, “அம்மாவக் கட்டாயம் பாக்கச் சொல்லு ஆத்தா. அப்பா டிவில வாரேன்னு சொல்லு” என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, “ஒரு தடவ பாத்தான்னா வந்துருவா தங்கச்சி” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் காம்பவுண்டே கூடியது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

படம் ஆரம்பித்தது. ஒரு காலி வராண்டா. ஒரு டியூப்லைட் சிமிட்டுகிறது. பாட்டு இல்லை, மேளம் இல்லை, ஆள் இல்லை. சுவரில் மாட்டிய கேமரா என்ன பார்க்குமோ அதுதான் படம். ரொம்ப நேரம் அந்த வராண்டாவையே காட்டினார்கள்.

“என்னம்மா, பொட்டி தொங்கிருச்சா?” என்றார் கண்டக்டர் சார்.

“வெளம்பரம் போட்டாலாச்சும் பாக்கலாம்” என்றார் பாக்கியம் அக்கா.

கண்டக்டர் சார் கேபிள்காரருக்குப் போன் போட்டார். “ஊரே கூப்புடுது சார். படமே அப்படித்தானாம்” என்று பதில் வந்தது.

மெல்ல மெல்லக் கதை புரிந்தது. வேறு கிரகத்திலிருந்து வந்த எதையோ விஞ்ஞானிகள் கீழ்த்தளத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். ஒரு விஞ்ஞானிப் பெண் மேஜைக்கடியில் பதுங்கி வாயைப் பொத்திக்கொள்கிறாள். விளக்கு அணைகிறது.

இருட்டில் அண்டா நகர்ந்தது.

தமிழ்நாடு முழுக்க அந்த நிமிஷத்தில் ஜனங்கள் போர்வைக்குள் போயிருப்பார்கள். எங்கள் ஹாலில் பாக்கியம் அக்கா எழுந்தே விட்டார். “அடி ஆத்தே, இது நம்ம அண்ணனில்ல?”

ஹாலே சிரித்தது. மேஜைக்கடியில் அந்தப் பெண் நடுங்க நடுங்க, பாக்கியம் அக்கா டிவியைப் பார்த்து, “அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு தாயி, வெளிய வா” என்று தைரியம் சொன்னார். இழுப்பு வந்தது, சீறல் வந்தது, பிறகு சத்தம் நின்றது. திரையில் அந்தப் பெண்ணும் மூச்சை அடக்கினாள். நாங்களும் பழக்கதோஷத்தில் அடக்கிக்கொண்டோம். கண்டக்டர் சார் தன்னை அறியாமல் கையைப் பின்னால் நீட்டி, எங்கள் வீட்டுச் சுவரில் டங் டங் என்று தட்டினார். டிவியில் அண்டா மறுபடி நகர்ந்தது. அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு அங்கே பயந்த ஒரே ஆள் அவர்தான். பவுடர் முகத்தில் வியர்வை ஓடியிருந்தது.

“எதையோ சேத்துருக்காய்ங்க. இது நானில்ல” என்றார்.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இப்படியாப்பா இருக்கும்?”

கண்டக்டர் சார் தரையைப் பார்த்தார்.

“இதையா அவ இத்தன வருசமும் பக்கத்துல படுத்துக் கேட்டா?” என்று சொல்லிவிட்டு, படம் முடியுமுன் எழுந்து போய்விட்டார். நாங்களும் டிவியை அணைத்துவிட்டோம். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காம்பவுண்டில் ஒருவரும் தூங்கவில்லை.

காலையில் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டில் ஒரு கட்டைப்பை. அதில் லூர்து அக்காவின் சேலைகளை மடித்து வைத்திருந்தார்.

“ஒட்டன்சத்திரம் போறேன் தங்கச்சி. லூர்த அங்கயே இருந்துக்கச் சொல்லப் போறேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. மனுசன் கேக்குற சத்தமா அது?”

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. துணிப்பையோடு அக்கா இறங்கினார். நேராக வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“என் சேலைய எங்க கொண்டு போறீக?”

“உன்கிட்டதான். நேத்துத்தான் கேட்டேன் லூர்து. நீ சொன்னதெல்லாம் நெசம். நீ அங்கயே நிம்மதியாத் தூங்கு.”

“அங்க எங்க தூங்குனேன்? போனதுலருந்து பொட்டுத் தூக்கம் இல்ல. நேத்துத்தான் தூங்குனேன். அந்தப் படத்துல உங்க சத்தம் வந்துச்சு பாருங்க, உக்காந்தமேனிக்கே தூங்கிட்டேன். சம்பந்தியம்மா பயந்துபோயி, ‘ஏனுங்க, பேய் இந்தக் கத்துக் கத்துது, உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா’ன்னு உலுக்குறாக. எனக்கு முழிப்பே வரல.”

அண்ணன் ஒன்றும் புரியாமல் துணியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“உங்க சத்தம் எனக்கு எப்பவும் பெருசில்லங்க. அது நிக்கும் பாருங்க, அதுலதான் என் உசுரு போகும். திரும்ப வருதான்னு எந்திரிச்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அங்க போனா, நின்னது நின்னதுதான். ராத்திரி பூரா காத்துக் கெடந்தேன்” என்று சொன்ன அக்கா, சேலைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் முகத்தைத் துடைத்தார், வண்டி துடைத்த துணியாலேயே.

இப்போது நான் வேறு ஊரில், மாடி மேல் மாடியாக இருக்கிற குடியிருப்பில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத அளவுக்கு அமைதி. அந்தப் படம் இணையத்தில் கிடைக்கிறது. கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பொழுதுபோகும். கதையே இல்லை என்று பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். அந்த மூச்சு மனித குலத்தின் தனிமையைக் குறிக்கிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பயத்தில் தூக்கமே போய்விட்டது என்று எத்தனையோ பேர்.

கடைசியில் அந்த விஞ்ஞானிப் பெண் தப்பித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். பல ராத்திரி போட்டுப் பார்த்தாயிற்று. அண்ணன் மூச்சு விட ஆரம்பித்ததும் நான் தூங்கிவிடுகிறேன்.